முழுசாத் திறக்காத வால்வு

வெல்டரின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. மீசை முளைத்த நாளிலிருந்து கேஸ் சிலிண்டரோடு குடும்பம் நடத்தியவன் அவன். வெல்டிங் கேஸ் வால்வை யாரும் முழுசாகத் திறக்க மாட்டார்கள். கால் சுற்றுத் திருப்புவார்கள், அவ்வளவுதான். குழாயில் தீ பிடித்தால் ஒரே திருப்பில் மூடிவிட்டு ஓட வேண்டும் இல்லையா, அதற்காக. நல்ல பழக்கம்தான், உயிரைக் காக்கிற பழக்கம்.

ஆனால் முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிற காற்று சிலிண்டர் வேறு ரகம். அதை முழுசாகத் திறந்தே ஆக வேண்டும். கரையில் நிற்கும்போது கால் சுற்றுத் திறந்திருந்தாலும் மூச்சு ஜோராக வரும். ஆழம் போகப் போக ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று அதிகம் வேண்டும், அந்தச் சின்னத் திறப்பு வழியாக அது வந்து சேராது. இதை முக்குளிப்புப் பயிற்சி மாஸ்டர் தொண்டை கிழியச் சொன்னார். வெல்டரும் தலையை ஆட்டினான். தலை ஆடினால் போதுமா? கை கேட்க வேண்டாமா? கை தன் பாட்டுக்குக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு நின்றுவிடும்.

இதற்காகத்தான் ஜோடிச் சோதனை என்று ஒன்று. தண்ணீரில் கால் வைக்கும் முன் ஒருவர் கருவியை மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும். வெல்டருக்கு ஜோடி அவன் மனைவியின் தங்கை. அவன் வேலை செய்யும் அதே கப்பல் பட்டறையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள், வீட்டில் சின்னவள் என்றால்தான் தெரியும். "ஒரே குடும்பம், நல்லாப் புரிஞ்சு நடந்துக்குவீங்க" என்று மாஸ்டர் அவர்களைச் சேர்த்து விட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்! நீச்சல் குளத்தில் பழகிய நாளெல்லாம் சின்னவள் அவன் முதுகுப் பக்கம் கையை விட்டு, மிச்சச் சுற்றுகளைச் சத்தமில்லாமல் திறந்து விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாளாவது அந்த எருமைக்கு அது தெரிந்ததா என்றால் இல்லை. மிகச் சரியாகத் திறக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இனி அக்காவைப் பற்றி. வெல்டரும் அக்காவும் மேல் மாடி, சின்னவள் கீழ் மாடி. அக்காவுக்குப் போன வருடம் இடது கை முறிந்தது. "கதவுல இடிச்சுக்கிட்டேன்டி" என்றாள். அதற்கு முன்னால் உதடு கிழிந்தது. அதுவும் கதவுதான். பிறகு ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது, மறுபடியும் கதவு. அந்த வீட்டில் மொத்தம் இரண்டே கதவுகள். இரண்டும் தேடித் தேடி அக்காவை மட்டும்தான் இடித்தன.

மேலே நாற்காலி விழும் சத்தம் கேட்டால் சின்னவள் படியேறிப் போய் மணியை அழுத்துவாள். "அக்கா, கொஞ்சம் சர்க்கரை இருந்தா குடேன்." வெல்டர் வாசலில் மூச்சு வாங்க நிற்பான், முறைப்பான், ஆனால் கையை இறக்கிவிடுவான். வெளி ஆள் கண்ணில் படுவது அவனுக்கு ஆகாது. வெளியே அவன் தங்கமான மனுஷன் அல்லவா! அக்கா டம்ளரில் சர்க்கரை கொண்டுவந்து தருவாள். சின்னவள் வீட்டு டப்பா நிறைந்து, பாத்திரங்கள் நிறைந்து, கடைசியில் சர்க்கரையைக் கொட்டி வைக்க இடமில்லை. டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ளாதவள் அவள்.

இப்போது பட்டறை வேறொரு துறைமுகத்தில் கிளை திறக்கிறது. அங்கே தண்ணீருக்கடியில் வெல்டிங் செய்ய ஆள் வேண்டும், முக்குளிக்கிற சர்டிபிகேட் உள்ள வெல்டர் வேண்டும். குடும்பத்தோடு தங்க குவார்ட்டர்ஸும் உண்டு. சின்னவள் இங்கேயே கப்பல் அடி சுரண்டுகிற வேலைக்காகப் பயிற்சியில் சேர்ந்தவள். வெல்டரோ அங்கே போவதற்காகச் சேர்ந்தவன். இன்றைக்குக் கடைசி முக்குளிப்பு. தேறிவிட்டால் சர்டிபிகேட்.

பழைய கல் குவாரியில் மழைத் தண்ணீர் நிறைந்து குளமாகி நின்றது. வெயிலே படாத பள்ளம், எலும்பைக் கடிக்கிற குளிர். மேலே கொஞ்சம் பச்சையாகத் தெரியும், கீழே போனால் நீட்டிய கை தெரியாது. கரையில் தார்ப்பாய் கட்டி மறைத்த இடத்தில் அக்கா தங்கைக்கு ரப்பர் உடையின் முதுகு ஜிப்பை இழுத்து விட்டாள். அவளைக் கூட்டி வந்ததே உடை கழற்ற, பை தூக்க, டீ ஊற்றத்தான். இழுக்கும்போது "ஸ்ஸ்" என்று முனகினாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல." ஸ்வெட்டர் கையை இழுத்து மணிக்கட்டை மறைத்தாள். "இன்னிக்குத் தேறிட்டார்னா அடுத்த வாரமே கிளம்பணுமாம். குவார்ட்டர்ஸ் தனித் தனியா இருக்குமாம், பக்கத்துல வீடே கிடையாதாம். 'அங்க மணி அடிக்க ஒருத்தியும் வர மாட்டா, நாம நிம்மதியா இருக்கலாம்'னு சொன்னார்டி."

சிரித்துக்கொண்டே சொன்னாள் அக்கா. சின்னவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வீடு இல்லாத இடத்தில் இவள் ஒரு மாதம் தாங்க மாட்டாள். பிணமாகத்தான் வருவாள், அப்போதும் கதவு என்றுதான் சொல்வார்கள்.

"ஏய், அங்க என்னடி ரெண்டு பேரும் மாநாடு நடத்துறீங்க?" வெல்டர் வெளியிலிருந்து கத்தினான். "சீக்கிரம் வா, குளிருது."

தண்ணீர் ஓரத்தில் ஜோடிச் சோதனை. மாஸ்டர் பக்கத்து ஜோடியின் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். சின்னவள் வெல்டரின் முதுகுப் பக்கம் கையை விட்டாள். வால்வு கைக்குள் வந்தது. அதே கால் சுற்று. அவன் மூச்சை இழுக்க இழுக்க, அவன் மார்பில் தொங்கிய காற்று மீட்டரின் முள் லேசாக விழுந்து எழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை, குளிரைத் திட்டிக்கொண்டிருந்தான்.

மிச்சத்தைத் திறக்க ஒரு நொடி போதும். சின்னவள் கையை எடுத்துக்கொண்டாள்.

கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. கொஞ்சம் ஆழம் போனதும் இவனுக்கு மூச்சு முட்டும், அலறிக்கொண்டு மேலே ஓடுவான், மாஸ்டர் ஃபெயில் போடுவார், குவார்ட்டர்ஸ் இல்லை, அக்கா மேல் மாடியிலேயே இருப்பாள். கணக்கு அவ்வளவுதான். விரல்களை வளைத்து 'எல்லாம் சரி' என்று சைகை காட்டினாள். அவனும் காட்டினான்.

ஆனால் அவள் மறந்த ஒன்று இருந்தது. நீச்சல் குளத்தில் கயிறு கிடையாது, இங்கே உண்டு. கண் தெரியாத தண்ணீரில் ஜோடி பிரிந்து போகக் கூடாது என்று மாஸ்டர் இருவர் மணிக்கட்டையும் ஒரு முழக் கயிற்றில் பிணைத்தார். முடிச்சு இறுகியபோதுதான் சின்னவளுக்கு உறைத்தது, இவன் மேலே ஓடினால் அவளையும் இழுத்துக்கொண்டுதான் ஓடுவான். "மாஸ்டர்..." என்று வாயைத் திறந்தாள். "பேசுறதெல்லாம் மேல வந்து பேசலாம், இறங்கு" என்றார் அவர்.

இறங்கினார்கள். முகத்தில் தண்ணீர் பட்டதும் நெற்றி வலித்தது, பல் கூசியது. மிதவையிலிருந்து கீழே போகும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் முன்னால் போக, இவர்கள் பின்னால். பச்சை பழுப்பானது, பழுப்பு கறுப்பானது. டார்ச் வெளிச்சத்தில் தூசுதான் பறந்தது. சின்னவள் காத்திருந்தாள். இப்போது ஓடுவான், இதோ இப்போது ஓடுவான். அவன் ஓடவில்லை. மூச்சைச் சின்னச் சின்னதாக இழுத்துக்கொண்டு, வீறாப்பாகக் கீழே போய்க்கொண்டே இருந்தான். மூச்சு முட்டுகிறது என்று ஒரு பெண்பிள்ளை எதிரில் ஒப்புக்கொள்வானா? செத்தாலும் மாட்டான். அதை அவள் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

அடியில் பயிற்சிக்காக ஓர் இரும்பு மேடை போட்டிருந்தார்கள். அதில் மண்டியிட்டார்கள். மாஸ்டர் டார்ச்சைத் தன் கைமேல் அடித்துக் காட்டினார்: காற்றுப் பகிர்வு. ஒருவர் கழுத்துக்குக் குறுக்கே கையை வெட்டிக் காட்டி 'காற்று இல்லை' என்று கேட்க வேண்டும், மற்றவர் தன் மார்பில் உள்ள மஞ்சள் ஸ்பேரை, அதாவது இரண்டாவது மூச்சுக் குழாயை, கொடுக்க வேண்டும். நீச்சல் குளத்தில் இதைச் செய்யச் சொன்னபோது வெல்டர், "இவகிட்ட நான் காத்துப் பிச்சை எடுக்கணுமா?" என்று அரைகுறையாகக் கையை அசைத்துவிட்டு விட்டான். "இங்க கேக்கப் பழகலேன்னா அங்க கேக்க வராதுய்யா" என்று மாஸ்டர் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டார்.

சின்னவள் டார்ச்சை அவன் முகத்தில் அடித்தாள். கண்ணாடிக்குள் அவன் கண்கள் பிதுங்கியிருந்தன. மீட்டர் முள் ஒவ்வொரு மூச்சுக்கும் பூஜ்யத்தில் விழுந்தது. ஐயோ, நிஜமாகவே காற்று வரவில்லையா! அவள் மஞ்சள் ஸ்பேரை எடுத்து நீட்டினாள்.

அவன் கேட்கவும் இல்லை, நீட்டியதை வாங்கவும் இல்லை. பாய்ந்தான். கேட்டுப் பழகாதவனுக்குப் பிடுங்கத்தான் தெரியும். ஒரே இழுப்பில் அவள் வாயில் இருந்த ரெகுலேட்டரை, அவள் மூச்சு வாங்கும் குழாயை, பிய்த்தான். அவள் முன்பல் ஒன்று சதையோடு பெயர்ந்தது. மறு கை அவள் கண்ணாடியைப் பிடுங்கியது. முகத்தில் குளிர் அறைந்ததும் அவளுக்கு மூச்சு தானாக உள்ளே இழுத்துக்கொண்டது, தண்ணீர் நெஞ்சுக்குள் போனது. இருவரும் கட்டிப் புரண்டு மேடையிலிருந்து சேற்றில் விழுந்தார்கள். டார்ச் போன இடம் தெரியவில்லை. கும்மிருட்டு.

கயிறு இருந்ததே, பிரிய முடியுமா? அவள் உதைத்துத் தள்ளினாலும் அதே கயிறு அவனை இழுத்து வந்து மேலே போட்டது. தடவித் தடவி ஸ்பேரைப் பிடித்து வாயில் திணித்துக்கொண்டாள். இரத்தமும் தண்ணீருமாக இருமி, ஒரு மூச்சு இழுத்தாள். இப்போது அவன் வாயிலும் அவள் காற்று, அவள் வாயிலும் அவள் காற்று. அவனுக்குக் காற்று கிடைத்துவிட்டது, விட வேண்டியதுதானே? விடவில்லை. அவள் மார்மேல் முழங்காலை ஊன்றி, கழுத்தை இரண்டு கையாலும் நெரித்தான். அவள் அவன் விரல் ஒன்றைப் பிடித்துப் பின்னால் மடக்கினாள். அது ஒடிந்தது கைக்குத் தெரிந்தது. அப்போதும் பிடி விடவில்லை.

அக்காவுக்கு இப்படித்தான் இருக்குமா? அந்த இருட்டில் அவளுக்கு இதுதான் தோன்றியது. இந்த முழங்கால், இந்தக் கை, இந்தக் கனம். இத்தனை வருடமாக மேல் மாடியில் இதற்கடியில் கிடந்துவிட்டுத்தான் அவள் சர்க்கரை டம்ளரோடு வந்து நின்றாளா?

திடீரென்று பின்னந்தலைக்குப் பக்கத்தில் ஒரே இரைச்சல். அத்தனை குளிரில் இரண்டு பேர் வெறி பிடித்துக் காற்றை இழுத்ததில் அவள் சிலிண்டர் தலையில் இருந்த ரெகுலேட்டர் உறைந்துபோய்த் திறந்தபடி மாட்டிக்கொண்டது. காற்று அடைமழையாகக் கொட்டி வீணாகியது. அவள் சிலிண்டர் கொஞ்ச நேரத்தில் காலியாகிவிடும். பிறகு இருவருக்கும் இல்லை. நிறையக் காற்று இருப்பது ஒரே இடத்தில்தான்: அவன் முதுகில், கால் சுற்றுத் திறந்த வால்வுக்குப் பின்னால்.

அவள் காலில் கத்தி இருந்தது. கையும் அங்கே போய்விட்டது. கயிற்றை அறுத்துவிட்டு, மிச்சக் காற்றை வாயில் வைத்துக்கொண்டு மேலே போய்விடலாம். இவன் இங்கேயே கிடப்பான். அக்கா பிழைத்தாள். கத்தியின் பிடியைப் பற்றி உருவியும் விட்டாள்.

இரக்கமெல்லாம் வரவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவனை அவள் வெறுத்தாள், ஆசை தீர வெறுத்தாள். ஆனால் மேலே போய் அக்கா முகத்தில் விழிக்க வேண்டுமே! இவனுக்காக அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள். தங்கமான மனுஷன் போய்விட்டான் என்று ஊரே சேர்ந்து அழும். இந்தப் பேமானிக்காகத் தான் ஒரு கொலைகாரியாக வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சீ, அந்த மரியாதைக்கு இவன் லாயக்கா?

கத்தியைச் சேற்றில் விட்டாள். கையை அவன் தோளுக்கு மேலாகக் கொண்டுபோய், வால்வைப் பிடித்து, திருகினாள். கையுறைக்குள் விரல்கள் மரத்திருந்தன. திருகினாள், திருகினாள், முழுசாகத் திறக்கும்வரை திருகினாள். தொங்கிக்கொண்டிருந்த அவன் ரெகுலேட்டரை எடுத்தாள். அவன் வாயில் இருந்த தன்னுடையதைப் பிடுங்கி எறிந்தாள். உதட்டைக் குத்திப் பிளந்து அவனுடையதை அவனுக்கே திணித்தாள். அவன் மார்பில் இருந்த ஸ்பேரைத் தான் கடித்துக்கொண்டாள். காற்று வந்தது, அவன் முதுகுக் காற்று. அப்போதுதான் சேற்றுக் கலங்கலில் தேடிக்கொண்டிருந்த மாஸ்டரின் கை வந்து இரண்டு பேரையும் பெல்ட்டோடு பிடித்தது.

கரையில் ஏறியதும் வெல்டர் மண்டியிட்டு வாந்தி எடுத்தான். மூக்கில் இரத்தம். அக்கா ஓடி வந்து, வழக்கம்போல அவனைக் கழற்ற ஆரம்பித்தாள். முதலில் சிலிண்டர், பிறகு இடுப்பில் கட்டியிருந்த ஈயக் கட்டி பெல்ட். அதைக் கையில் பிடித்தபடியே தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவளின் வாய் முழுக்க இரத்தம், கழுத்தில் பத்து விரல் தடம்.

மாஸ்டர் கயிற்றை அறுத்தார். "யாரு வால்வைச் சோதிச்சது?"

"நான்தான்" என்றாள் சின்னவள்.

"முழுசாத் திறந்திருந்துதா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவளுக்காவது சர்டிபிகேட் மிஞ்சும். "இல்ல மாஸ்டர். கால் சுத்துதான். தெரிஞ்சது. வேணும்னேதான் விட்டேன். இவர் பயந்து மேல ஓடிருவார்னு நெனச்சேன்."

"ரெண்டு பேருமே ஃபெயில்" என்றார் மாஸ்டர். "நீ இனிமே என் தண்ணில கால் வைக்காத. அய்யா, உங்களுக்கும்தான் சொல்றேன். காத்து இல்லன்னு கேக்கத் தெரியாதவனை நான் எந்தத் தண்ணிக்கும் அனுப்ப மாட்டேன்."

ஃபெயில் என்ற சொல் காதில் விழுந்ததும் வெல்டர் எழுந்தான். வெளி ஆள் கண்ணில் படக் கூடாது என்று இத்தனை வருடம் கட்டிக் காத்த புத்தி அன்றைக்கு அவனை விட்டுப் போய்விட்டது. "கொல்லப் பாத்தியாடி என்னை?" என்று சின்னவளின் முடியைப் பிடித்துப் பாறையில் மோதினான். விழுந்தவளை விலாவில் உதைத்தான். மறுபடி உதைத்தான். மாஸ்டரும் மற்ற ஜோடியும் வாயைப் பிளந்து நின்றார்கள். தங்கமான மனுஷன் என்று இவர்களும்தானே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்! பிறகுதான் பிடிக்க ஓடி வந்தார்கள்.

அதற்குள் அவன் அக்காவைப் பார்த்துத் திரும்பிவிட்டான். "நீயும் சேர்ந்துதானே திட்டம் போட்ட? வீட்டுக்கு வா, வெச்சிக்கறேன்" என்று கையை ஓங்கினான்.

அக்கா எப்போதும் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வாள். இன்றைக்கு மூடவில்லை. ஈயக் கட்டி பெல்ட்டை நல்ல கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வீசினாள். ஓங்கிய மணிக்கட்டில் ஈயம் இறங்கியது. முறிந்த சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்தது. அவன் "ஏய்" என்றான், கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது அந்தக் குரலில். இரண்டாவது வீச்சு வாயில் விழுந்தது. பல் தெறித்தது. அவன் சரிந்து உட்கார்ந்தான். மூன்றாவது வீச்சு முழங்காலில், இன்னும் ஒரு மாதத்துக்கு எவர் மார்பிலும் ஊன்ற முடியாதபடிக்கு. அவளுக்கு மூச்சு பெரிதாக வந்தது. யாரும் அவளைப் பிடிக்கவில்லை. போதும் என்று அவளுக்கே பட்டபோது பெல்ட்டை மாஸ்டர் கையில் கொடுத்தாள்.

வெல்டர் தரையில் கிடந்து குழந்தை மாதிரி அழுதான். மாஸ்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். இடத்தைச் சொன்னார், அடையாளம் சொன்னார். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"என்ன ஆச்சுன்னு கேக்கறாங்கம்மா. என்ன சொல்லட்டும்?"

அக்கா தங்கையின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கதவுல இடிச்சுக்கிட்டார்னு சொல்லுங்க" என்றாள், வழக்கமான அதே மெல்லிய குரலில். சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்து, சர்க்கரை போடாத டீயைத் தங்கைக்கு ஊற்றிக் கொடுத்தாள்.